‘மர்மர்’ என்றாலே இதயத்தில் ஓட்டையா?

என் மகனுக்கு நான்கு வயது. காய்ச்சலுக்குக் காட்டப் போனபோது, நெஞ்சில் ‘மர்மர்’ கேட்கிறது, காய்ச்சல் விட்டதும் மறுபடி அழைத்து வாருங்கள் என்றார் டாக்டர். சீட்டில் ‘சிஸ்டாலிக் 2/6’ என்று எழுதியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் ‘இதயத்தில் ஓட்டை’ என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, திண்டுக்கல்

அந்தச் சீட்டில் ஓட்டை என்று எதுவும் இல்லை. இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல், ட்ரைகஸ்பிட் வால்வுகள் மூடும்போது ‘லப்’. கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் வாயில்களிலுள்ள அயோர்டிக், பல்மனரி வால்வுகள் மூடும்போது ‘டப்’. ரத்தம் சீராக ஓடாமல் சுழித்து ஓடினால் கூடவே ‘உஸ்ஸ்’ என்றொரு சத்தம் வரும். அதுதான் மர்மர். லப்புக்கும் டப்புக்கும் நடுவே, இதயம் சுருங்கும்போது வந்தால் சிஸ்டாலிக். டப்புக்குப் பிறகு, இதயம் விரியும்போது வந்தால் டயஸ்டாலிக். சிஸ்டாலிக்கில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. டயஸ்டாலிக் என்றால் எவ்வளவு மெலிதாக இருந்தாலும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தே ஆக வேண்டும்.

2/6 என்பது சத்தத்தின் அளவு. 1933-ல் அமெரிக்க டாக்டர் சாமுவேல் லெவின் வகுத்த ஆறு படிகளில் இரண்டாவது: மெலிதுதான், ஆனால் ஸ்டெதஸ்கோப் வைத்ததும் கேட்கும். நான்காம் படியிலிருந்து நெஞ்சில் கை வைத்தாலே அதிர்வு தெரியும். ஆறாம் படியில் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சை விட்டு லேசாக எடுத்தாலும் கேட்கும்.

இரண்டு முதல் ஏழு வயதுக்குள் நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளுக்கே மார்பெலும்பின் இடது கீழ் ஓரத்தில் தந்தியை மீட்டியதுபோல் ஒரு சத்தம் கேட்பதுண்டு. 1909-ல் இங்கிலாந்து டாக்டர் ஜார்ஜ் ஸ்டில் விவரித்ததால் அது ‘ஸ்டில் மர்மர்’. படுத்தால் கூடும், எழுந்து நின்றால் குறையும். காய்ச்சலிலும் ரத்தசோகையிலும் ரத்தம் வேகமாக ஓடுவதால் இன்னும் உரக்கக் கேட்கும். காய்ச்சல் விட்டபின் வரச் சொன்னது அதனால்தான். தவறாமல் போங்கள். உட்கார வைத்தும் படுக்க வைத்தும் கேட்பார். தொடை இடுக்கில் நாடி பார்ப்பார். விளையாடும்போது மயங்கி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருந்தாலோ கேட்காமலே சொல்லிவிடுங்கள். அப்போது எக்கோவைத் தள்ளிப்போடக் கூடாது.

குழந்தை பிறந்தபோது இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். 45-வது நாள் தடுப்பூசிக்குப் போனபோது பெரிய சத்தம் கேட்கிறது என்றார்கள். எக்கோவில் கீழறைச் சுவரில் 3 மி.மீ. ஓட்டை. பிறந்தபோதே கோட்டை விட்டுவிட்டார்களா?
– வாசகர், தஞ்சாவூர்

இல்லை. பிறந்த புதிதில் நுரையீரல் பக்கத்து அழுத்தமும் அதிகமாக இருப்பதால், ஓட்டை இருந்தாலும் அதன் வழியே ரத்தம் அதிகம் பாயாது. வாரங்கள் போகப் போக அந்த அழுத்தம் இறங்கும். இடது கீழறையிலிருந்து ரத்தம் வலதுக்குப் பீறிடும். அப்போதுதான் சத்தம் பிறக்கும்.

சத்தம் பெரிது என்பதால் ஓட்டை பெரிது என்று பயப்படாதீர்கள். குழாய் நுனியைக் கட்டைவிரலால் அடைத்தால்தானே தண்ணீர் சீறும்? சின்ன ஓட்டைதான் அதிகம் சத்தம் போடும். பெரிய ஓட்டையில் சத்தம் மெலிதாக இருக்கலாம், ஆனால் குழந்தை சிரமப்படும். ஆகவே குழந்தையைக் கவனியுங்கள்: பால் குடிக்கையில் நெற்றி வியர்க்கிறதா, நடுநடுவே விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறதா, எடை ஏறுகிறதா. எடை ஒழுங்காக ஏறினால் பெரும்பாலும் காத்திருக்கலாம். தசைப் பகுதியிலுள்ள சின்ன ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும்.

எனக்கு 26 வயது. சிறு வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது. 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை. குழந்தை பெறத் திட்டமிடுகிறோம். ஊசியை நிறுத்தலாமா?
– வாசகி, திருநெல்வேலி

நிறுத்தாதீர்கள். மூட்டுவலிக் காய்ச்சலைக் கிளப்பும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டையில் ஒவ்வொரு முறை வரும்போதும் வால்வு மேலும் தடித்து ஒட்டிக்கொள்ளக்கூடும். அதைத் தடுக்கத்தான் 12 லட்சம் யூனிட் பென்சாத்தின் பென்சிலின். வால்வு பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடைசித் தாக்குதலிலிருந்து பத்து ஆண்டுகள் அல்லது 40 வயது, இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதுவரை தொடர வேண்டும். கர்ப்பத்திலும் போடலாம்.

இப்போது தொந்தரவு இல்லை என்பதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். கர்ப்பத்தில் ரத்த அளவு 40–50 சதவீதம் கூடும், துடிப்பும் வேகமாகும். குறுகிய வால்வு வழியே ரத்தம் இறங்க நேரம் போதாமல் நுரையீரலில் தேங்கும். அதுவரை படியேறிப் பழகியவர்களுக்குக்கூட ஐந்தாறு மாதத்தில் படுத்தால் மூச்சுத் திணறுவது இப்படித்தான். எனவே கருத்தரிக்கும் முன்பே எக்கோ எடுங்கள். மைட்ரல் வால்வின் திறப்பு சாதாரணமாக 4 முதல் 6 ச.செ.மீ. அது 1.5-க்குக் கீழே இருந்தால், பலூன் மூலம் விரித்துவிட்டுக் கருத்தரிப்பது பற்றி இதய மருத்துவரிடம் முதலில் பேசுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. அயோர்டிக் வால்வு சுருக்கம். போன வருடத்தைவிட மர்மர் மெலிந்துவிட்டது என்றார்கள். குணமாகிறதா? நெஞ்சு வலித்தால் நாக்கடி மாத்திரை வைக்கலாமா?
– வாசகர், சேலம்

குணமாகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுண்ணாம்பு படிந்து இறுகிய வால்வு மாத்திரையால் திறக்காது. இதயம் தள்ளும் வலு குறைந்தாலும் சத்தம் மெலியும். இந்த மாதமே எக்கோ எடுங்கள். நடக்கையில் நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுவாங்கல் இவற்றில் ஒன்று வந்துவிட்டாலே வால்வு மாற்றுவதைப் பற்றி முடிவெடுக்கும் நேரம். வயது காரணமாகத் திறந்த அறுவை முடியாதவர்களுக்குத் தொடை வழியாகவே வால்வு பொருத்துகிறார்கள். நாக்கடி மாத்திரையை நீங்களாக வைக்காதீர்கள். கடுமையான சுருக்கத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து மயங்கி விழக்கூடும்.