நடுவர் நாற்காலியிலிருந்து: பேச்சுப்போட்டி கேள்வி பதில்

ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் பேச்சுப்போட்டிகளில் பதினெட்டு வருடமாக நடுவராக உட்காருகிறேன். இந்த முறை எங்கள் பக்கத்து ரோட்டரி சங்கம் ‘நான்கு வழிச் சோதனை’ என்று தலைப்பு கொடுத்துவிட்டது. கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பு மாணவி: சார், தேடிப் பார்த்தால் நான்கு கேள்விதான் வருகிறது. அதை வைத்து ஐந்து நிமிடம் எப்படிப் பேசுவது?

நான்கே கேள்விதான் பாப்பா. நாம் நினைப்பது, சொல்வது, செய்வது எதுவானாலும் கேட்டுக்கொள்ள வேண்டியவை: அது உண்மையா? சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமா? நல்லெண்ணமும் நட்பும் வளருமா? எல்லோருக்கும் நன்மை தருமா?

இது பிறந்த கதை சுவையானது. 1932, அமெரிக்காவில் பெருமந்தக் காலம். சிகாகோவில் திவாலாகப்போன ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தும் வேலை ஹெர்பர்ட் டெய்லர் என்ற ரோட்டரிக்காரரிடம் வந்தது. ஊழியர்கள் மனதில் நிற்கிற மாதிரி சின்னதாக ஒரு அளவுகோல் வேண்டும் என்று அவர் எழுதியதுதான் இது. ஆங்கிலத்தில் மொத்தம் 24 சொல். முதலில் அடி வாங்கியது எது தெரியுமா? அவர்களுடைய சொந்த விளம்பரம்! ‘மிகச் சிறந்தது’, ‘ஈடு இணையற்றது’ வகைச் சொற்களை நிரூபிக்க முடியாது என்று எடுத்துவிட்டு, பாத்திரம் எப்படிப்பட்டது என்று மட்டும் எழுதினார்கள். 1943-ல் ரோட்டரி இதை ஏற்றுக்கொண்டது. 1954-55-ல் டெய்லரே உலகத் தலைவரானார்.

இதை அப்படியே ஒப்பிக்காதே. உன்னோடு வரும் இருபது பேரும் அதைத்தான் செய்வார்கள். உன் வகுப்பிலிருந்து ஒரு சம்பவத்தை எடு. பரீட்சையில் காப்பியடித்த தோழியை டீச்சரிடம் சொல்லலாமா? உண்மை, சரி. நட்பு வளருமா? அங்கேதான் முதல் கேள்வியும் மூன்றாவது கேள்வியும் முட்டிக்கொள்கின்றன. அந்த முட்டலைப் பேசு, நேரம் போதாது.

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா: எத்தனை நிமிடம் பேச வேண்டும்?

அழைப்பிதழைப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து. என் கணக்கில் தமிழில் 450 சொல் போதும். 500 தாண்டினால் பிள்ளைக்கு மூச்சு வாங்கும்.

பத்தாம் வகுப்பு மாணவன்: தொடக்கத்தில் கைதட்டல் வாங்க நல்ல மேற்கோள் ஒன்று சொல்லுங்கள். கலாம் ஐயா சொன்னது இருந்தால் நல்லது.

தம்பி, வருடா வருடம் சொல்வதுதான். எந்தப் புத்தகம், எந்த மேடை என்று சொல்ல முடியாவிட்டால் அந்த மேற்கோளை விட்டுவிடு. ஒரு போட்டியில் ஒரே வாசகத்தை முதல் பையன் கலாம் சொன்னதாகச் சொன்னான், மூன்றாவது பெண் விவேகானந்தர் என்றாள், ஏழாவது பையன் பில் கேட்ஸ் என்றான். மூவருக்கும் கைதட்டல் விழுந்தது. தலைப்பு ‘வாய்மை’.

ஏழாம் வகுப்பு மாணவி: ‘யாவரும் கேளிர்’ என்று சொல்லும்போது சபையைப் பார்த்துக் கை நீட்டலாமா?

நீட்டலாம், ஆனால் ‘எல்லோரும் கேளுங்கள்’ என்று நினைத்து நீட்டாதே. கேளிர் என்றால் உறவினர்.

தமிழாசிரியர், மன்னார்குடி: போன வருடம் ஒரு போட்டியில் நீங்கள், ‘எழுதிக் கொடுத்ததை ஒப்பித்த பேச்சு’ என்று என் மாணவிக்கு மதிப்பெண் குறைத்தீர்கள். எழுதிக் கொடுக்காமல் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படிப் பேசும் ஐயா?

குறைத்தது உண்மை. ‘கடந்த அரை நூற்றாண்டாக நான் கண்ட சமுதாயம்’ என்று அந்தக் குழந்தை பேசியது. சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதே ஆசிரியர்: அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் சொல்லித்தர ஆளிருக்கும் பிள்ளைக்கு அப்பாவே எழுதிக் கொடுக்கிறார். என் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்னை விட்டால் யார்? நான் கைவிட்டால் அது நியாயமா? உங்கள் இரண்டாவது கேள்விதான்.

சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். எழுதிக் கொடுப்பதற்கு முன் பிள்ளையைப் பத்து நிமிடம் பேச விடுங்கள். அது சொன்னதை வரிசைப்படுத்திக் கொடுங்கள், சொல் அதனுடையதாக இருக்கட்டும். அப்பா எழுதிக் கொடுத்த பேச்சுக்கும் நான் குறைக்கிறேன்.

இன்னொரு வாசகர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். யார் எழுதியது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஊகத்தில் மதிப்பெண் குறைப்பது உண்மையா, நியாயமா?

ஊகம்தான். அதனால்தான் கடைசியில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லி எல்லாச் சங்கங்களிடமும் கெஞ்சுகிறேன். ஆஸ்திரேலிய லயன்ஸ் போட்டியில் தயாரித்த பேச்சு ஐந்து நிமிடம். அதோடு முன்கூட்டிச் சொல்லாத இரண்டு கேள்விகளுக்குத் தலா இரண்டு நிமிடம் பதில் சொல்ல வேண்டும். இங்கே கேட்டால், ‘பரிசளிப்புக்கு நேரமாகிவிடும் சார்’ என்கிறார்கள்.

அதே ஆசிரியர்: அப்படிக் கேட்டால் என் மாணவி ஜெயிப்பாள்.

அழைத்து வாருங்கள். நானே கேட்கிறேன்.

ஒரு அப்பா: லயன்ஸ் அமைதிச் சுவரொட்டிப் போட்டியில் எத்தனை நிமிடம் பேச வேண்டும்?

அது ஓவியப் போட்டி. 11 முதல் 13 வயது வரை. பேச வேண்டாம்.

கல்லூரி மாணவர்: பாதியில் மறந்துவிட்டால்?

நிறுத்து, மூச்சு விடு, கடைசியாகச் சொன்ன வரியை மெதுவாகத் திரும்பச் சொல். ‘மன்னிக்கவும்’ என்று மட்டும் சொல்லாதே, அதுவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒன்பதாம் வகுப்பு மாணவன்: ‘தமிழுக்கு முதல் வணக்கம், நீதி தவறாத நடுவர்களுக்கு…’ என்று தொடங்கலாமா சார்?

ஒரு வணக்கம் போதும். நீதி தவறினேனா என்பது முடிவு வந்தபின் தெரியும்.

சேலத்திலிருந்து ஒருவர்: ஐயா, எத்தனை நிமிடம்?

மேலே ஈரோட்டு அம்மாவுக்குச் சொன்னதுதான்.

இன்னொருவர்: கலாம் மேற்கோள்…

மணி அடித்துவிட்டது தம்பி.