கரை ஒதுங்கிய கட்டைக்கு வார்னிஷ் எதற்கு?

கேள்வி: கடற்கரையில் ஒதுங்கிய கட்டையைக் கொண்டு மேசை விளக்கு செய்தேன். சில வாரங்களிலேயே வார்னிஷ் உரிந்து, திருகாணிகள் துருவேறிவிட்டன. ஏன்?

பதில்: உப்புதான் காரணம், சகோதரி. கடலில் ஊறிய கட்டைக்குள் ஆழமாக உப்பு இறங்கியிருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் பூச்சை உரிக்கும், இரும்பை அரிக்கும். அடுத்த கட்டையை நல்ல தண்ணீரில் மூழ்கவிட்டு, மேலே கல் ஒன்றை ஏற்றி, இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்றுங்கள். கைப்பருமன் கட்டை என்றால் இரண்டு மூன்று வாரங்களாவது ஊறட்டும். பிறகு நிழலில், காற்றோட்டமாக உலரவேண்டும். வெயிலில் போட்டால் மேற்புறம் முதலில் சுருங்கி வெடித்துவிடும். உலர்ந்துவிட்டதா என்பதைக் கண் சொல்லாது, தராசு சொல்லும். வாரந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகே துளை போடுங்கள். திருகாணி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

வார்னிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தச் சாம்பல் நிறத்துக்காகத்தானே கட்டையைக் குனிந்து எடுத்தீர்கள்! மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் எனும் பொருளை வெயில் சிதைக்க, மழையும் அலையும் அதைக் கழுவிவிட, எஞ்சிய மெல்லிய படலம் அது. உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால் அடியிலிருந்து சாதாரண மரம் எட்டிப்பார்க்கும். நார்ப் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டால் போதும்.

கட்டையில் உருண்டையான துளைகள் இருந்தால் பட்டி வைத்து அடைத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பெரும்பாலும் கப்பல் புழு குடைந்த வழிகள் அவை. பெயரில்தான் புழு; இனத்தால் சிப்பிக்கு உறவு. குடைந்த சுரங்கத்தின் உட்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் பூசிவைக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், சில துளைகளில் அந்த வெண்மை இன்னும் ஒட்டியிருக்கும். எந்த உளியும் இவ்வளவு அழகாகக் குடையாது. கடல்நீரை விட்டு வந்தபின் அது பிழைக்காது. உங்கள் வீட்டு மரச்சாமான்களுக்குப் பயமில்லை.

மீந்த துண்டுகளை அடுப்பில் போடாதீர்கள். உப்பேறிய மரம் எரியும்போது டயாக்சின் எனும் நச்சு உண்டாகும்.

கேள்வி: சாவி, பூட்டு, பாட்டில் மூடி, கயிறு என்று கிடைத்ததையெல்லாம் கட்டையோடு சேர்த்தேன். குப்பைக்கூடை போலத் தெரிகிறதே?

பதில்: சேர்த்தது அதிகம். பிக்காசோ 1942-இல் பழைய சைக்கிளின் இருக்கையையும் கைப்பிடியையும் மட்டும் இணைத்தார். காளையின் தலை பிறந்துவிட்டது. இருக்கை முகம், கைப்பிடி கொம்பு. சைக்கிள் உறுப்பு என்பதும் மறையவில்லை, காளை என்பதிலும் ஐயமில்லை. பார்ப்பவருக்கு இன்பம் தருவது அந்த இரட்டைத் தோற்றம்தான். பத்துப் பொருட்களைக் குவித்தால் அது கிடைக்காது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கட்டையின் வளைவோடு பொருந்துகிற ஒன்றை மட்டும் திரும்ப வையுங்கள். என் கை முதலில் சாவியைத்தான் எடுக்கும்.

பெயின்ட் உதிரும் பழைய பொருட்களில் மட்டும் கவனம் தேவை. அதில் ஈயம் கலந்திருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். குழந்தைகளின் கைக்கு எட்டும் எதிலும் அதைச் சேர்க்காதீர்கள்.