சோடா பாட்டிலை ஃப்ரீசரில் வைத்துக் குளிர வைக்கலாமா?

விருந்தினர் வரும் நேரத்தில் சோடா பாட்டில்களை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுப்பது ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடிப் பாட்டில் என்றால் வைக்காதீர்கள். அரை மணி நேரத்தில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் வந்தவர்களோடு பேச உட்கார்ந்துவிட்டால் உள்ளே வைத்தது யாருக்கும் நினைவிருக்காது.

வீட்டு ஃப்ரீசர் ஏறத்தாழ மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இயங்குகிறது. நீர் உறையும்போது அதன் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடுவதோடு, கரைந்திருந்த கரியமில வாயுவுக்குப் பனிக்கட்டிக்குள் இடமில்லாததால் அதுவும் வெளியேறி, மூடிக்குக் கீழே குறுகிக்கொண்டே வரும் இடைவெளியில் அடைபட்டு அழுத்தத்தை ஏற்றுகிறது. பிளாஸ்டிக் பாட்டில் உப்பிக் காட்டும், அலுமினிய டின் புடைத்த பிறகே கிழியும். கண்ணாடியோ எந்த அறிகுறியும் காட்டாமல் சிதறக்கூடும். கோலி சோடா பாட்டில் தடிமனானதுதான் என்றாலும், பலமுறை கழுவி நிரப்பப்பட்டதில் உரசல் தடங்கள் வெள்ளை வளையமாகத் தெரிந்தால், அதைக் கடையிலேயே மாற்றிக் கேட்பது நல்லது.

அவசரத்துக்கு, ஒரு வாளியில் ஐஸ் கட்டிகளும் அவை மிதக்குமளவு தண்ணீரும் இட்டு, இரண்டு கைப்பிடி கல்லுப்பைக் கலந்து பாட்டில்களை அமிழ்த்தி வையுங்கள். நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்துவதாலும், உப்பு அந்நீரைப் பூஜ்ஜியத்துக்கும் கீழே கொண்டுபோவதாலும், ஃப்ரீசரைவிட விரைவாகவே குளிர்ந்துவிடும். வெயிலில் இருந்து வந்த கண்ணாடிப் பாட்டிலை மட்டும் முதலில் சாதாரணத் தண்ணீரில் சற்று நேரம் வைத்துவிடுங்கள்; திடீர்க் குளிர்ச்சியில் கண்ணாடி விரிசல் விடும்.

சேமிப்பில் கவனிக்க வேண்டியது வெப்பம். 25 டிகிரியில் நீரில் கரையும் கரியமில வாயு, பூஜ்ஜிய டிகிரியில் கரைவதில் பாதிக்கும் குறைவே. மீதி வாயு பாட்டிலின் சுவரையும் மூடியையும்தான் அழுத்தும். ஆகவே அடுப்பு மேடை, தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரண், மே மாதத்தில் பூட்டி நிறுத்திய கார் ஆகிய மூன்றும் வேண்டாம். (திறந்த பிளாஸ்டிக் பாட்டிலை நசுக்கி மூடினால் வாயு தங்கும் என்பது வீண் நம்பிக்கை, பாட்டில் மீண்டும் உப்ப இடமிருப்பதால் வாயு இன்னும் அதிகமாகவே பிரியும்.)

ஃப்ரீசரில் மறந்துபோய் உறைந்துவிட்ட கண்ணாடிப் பாட்டிலைத் திறக்கவோ வெந்நீரில் போடவோ கூடாது. கனமான துண்டால் சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு எடுத்து, மூடியுள்ள வாளியில் வைத்துக் குழந்தைகள் நெருங்காத இடத்தில் தானாக உருக விடுங்கள். கீறல் தெரிந்தால் குடிக்காமல் அப்படியே குப்பையில் போட்டுவிடலாம்.