ஒரே வகுப்பில் இரு வேறு நிலையினர்: உங்கள் கேள்விக்கு

வணக்கம். இலக்குச் சுடுதலில் பல ஆண்டு பழகிய கணவருடன் ஒரே தற்காப்புக் கைத்துப்பாக்கி வகுப்பில் சேர்ந்ததாகவும், உறையிலிருந்து எடுத்து விரைந்து சுடும்போது உங்கள் குண்டுகள் இடப்பக்கம் தாழ்வாகவே விழுவதாகவும் எழுதியிருந்தீர்கள். வலக்கைக்காரருக்கு இது பெரும்பாலும் பின்னுதைப்பை (சுட்டதும் துப்பாக்கி கையைப் பின்னோக்கி உதைப்பதை) எதிர்பார்த்து, விசையை (டிரிக்கரை) அழுத்தும் கணத்திலேயே கை முழுவதையும் இறுக்கிக் கீழே தள்ளுவதால் வருவது. வேகத்தைக் கூட்டினால் அந்தத் தவறுதான் ஆழமாகப் பதியும்.

உங்களுக்குத் தெரியாதபடி மேகசினில் (துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் கூட்டில்) டம்மி தோட்டாக்களைக் கலந்து தருமாறு பயிற்றுநரிடம் கேளுங்கள். வெடிக்காத தோட்டா வரும்போது குழல் முனை குனிந்தால், காரணம் அங்கேயே வெளிப்பட்டுவிடும். வீட்டிலோ, துப்பாக்கியின் கையேடு அனுமதித்தால், உண்மைத் தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துவிட்டு, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை உறுதிசெய்து, பாதுகாப்பான திசையில் விசையழுத்தத்தை மட்டும் நிதானமாகப் பழகுங்கள். உறையிலிருந்து எடுப்பது அதற்குப் பிறகு வரட்டும்.

கணவருடன் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம். நின்று நிதானமாகச் சுட்டுப் பழகியவருக்கு நகர்ந்தபடி சுடுவது புதிதாகவே இருக்கும். தேர்ந்த பயிற்றுநர் ஒரே பயிற்சியிலேயே ஆளுக்கேற்பத் தொலைவையும் நேரத்தையும் மாற்றித் தருவார். அனைவருக்கும் ஒரே நேரக்கெடு என்று அவர் பிடிவாதமாக இருந்தால், தயங்காமல் அடிப்படை வகுப்புக்கு மாற்றித் தரக் கேளுங்கள்.