நாய்க்கு ஆகாத உணவுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் லாப்ரடார் 25 கிலோ. அரை மணி நேரத்துக்கு முன்னால் 50 கிராம் மில்க் சாக்லேட்டை உறையோடு தின்றுவிட்டது. இப்போது வழக்கம்போல்தான் இருக்கிறது. பயப்படணுமா?

பதில்: சாக்லேட்டில் நஞ்சாவது தியோப்ரோமின். நமக்கு அது வேகமாகக் கழிந்துவிடும். நாயின் உடலில் அதில் பாதி குறையவே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். மில்க் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம் உண்டு. அப்படியானால் உங்கள் நாய்க்குள் போனது 100 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 4. வாந்தியும் நிலைகொள்ளாமையும் கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவில் தொடங்கும். 40க்கு மேல் இதயத் துடிப்பு தாறுமாறாகும், 60ஐத் தாண்டினால் வலிப்பு வரலாம். ஆகவே சாக்லேட்டால் ஆபத்து இல்லை. வயிறு கொஞ்சம் கெடலாம். உறையைத்தான் கவனிக்கணும். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, இரண்டு நாளாக மலம் போகாவிட்டாலோ காட்டுங்கள்.

இதே 50 கிராம் டார்க் சாக்லேட்டாக இருந்து, நாய் 5 கிலோ பொமரேனியனாக இருந்தால் கதையே வேறு. டார்க்கில் கிராமுக்கு 5, கோகோ விகிதம் கூடக் கூட அதற்கும் மேல். கிலோவுக்கு 50 வந்துவிடும், உடனே ஓடணும். இனிப்பில்லாத கோகோ பவுடர் இன்னும் கொடியது, கிராமுக்கு 25ஐயும் தாண்டும். அறிகுறி தெரிய 6 முதல் 12 மணி நேரம் ஆகும் என்பதால், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறது" என்பதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

கேள்வி: உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. நாய் வாந்தி எடுக்காமல் போனால் அந்த உப்பு முழுக்க ரத்தத்தில் ஏறும். சோடியம் கூடினால் மூளை பாதித்து வலிப்பு வரும். சாக்லேட்டில் பிழைத்திருக்க வேண்டிய நாயை உப்பு கொன்றுவிடக்கூடும். தொண்டைக்குள் விரல் விடுவது, எண்ணெய் ஊற்றுவது இரண்டும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. ஹைட்ரஜன் பெராக்சைடும் இரைப்பையைப் புண்ணாக்கும், மருத்துவர் அளவு சொல்லாமல் தொடாதீர்கள். மருத்துவமனையில் ஊசி போட்டே வாந்தி எடுக்க வைப்பார்கள். தின்று இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் பலன் அதிகம். நாய் மயக்கத்தில் இருந்தாலோ, கூர்மையான பொருளை விழுங்கியிருந்தாலோ வாந்தியே ஆகாது.

கேள்வி: சுகர் ஃப்ரீ சூயிங்கம் இரண்டு துண்டு தின்றுவிட்டது. சர்க்கரை இல்லாததுதானே?

பதில்: சர்க்கரை உள்ளதைத் தின்றிருந்தால் இவ்வளவு கவலை இல்லை. உறையில் சைலிடால் என்ற இனிப்பூட்டியோ, அதன் வேறு பெயர்களான பிர்ச் சுகர், இ967 என்று ஏதாவதோ இருக்கிறதா, இப்போதே பாருங்கள். இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், கிளம்புங்கள்.

சைலிடாலைக் கண்டதும் நாயின் கணையம் இன்சுலினைக் கொட்டும்; ரத்தச் சர்க்கரை சரசரவென்று இறங்கும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும். 10 கிலோ நாய்க்கு 1 கிராம். சில கம்களில் ஒரே துண்டில் அவ்வளவு இருக்கும். கிலோவுக்கு 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலும் போகலாம். தள்ளாட்டம், சோர்வு அரை மணி நேரத்திலேயே தெரியலாம், கம்மாக இருந்தால் 12 மணி நேரம் தாமதிக்கவும் செய்யும். வழியில் நாய் தளர்ந்தால் ஈறில் கொஞ்சம் தேன் தடவுங்கள். நஞ்சை உறிஞ்சக் கொடுக்கும் மருத்துவக் கரித்தூள் இதற்குச் சரியாக வேலை செய்யாது. சில பீநட் பட்டர், டூத் பேஸ்ட், மெல்லும் மாத்திரைகளிலும் சைலிடால் உண்டு.

கேள்வி: திராட்சை விஷம் என்கிறார்கள். தெரிந்தவர் வீட்டு நாய் வருஷக்கணக்கில் தின்கிறது, ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: அந்த நாய்க்கு ஆகவில்லை, உங்கள் நாய்க்கு ஆகலாம். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது பெரிதும் கருதப்படுகிறது. பழத்துக்குப் பழம் அதன் அளவு மாறும், அதனால் "இத்தனை பழம் வரை பரவாயில்லை" என்று யாராலும் சொல்ல முடியாது. உலர் திராட்சையில் நீர் வற்றி எல்லாம் செறிந்திருக்கும். புளியிலும் இதே அமிலம்தான். முதல் நாள் வாந்தி, அடுத்த ஓரிரண்டு நாளில் சிறுநீர் குறையும். சிறுநீர் நின்ற பிறகு கொண்டு வந்தால் காப்பாற்றுவது கடினம். முன்கூட்டியே டிரிப் ஏற்றினால் பெரும்பாலும் பிழைக்கும்.

கேள்வி: வெங்காயத்தை வேகவைத்தால் விஷம் போய்விடுமா அண்ணா? குழம்பில் இருக்கும் கறித்துண்டை மட்டும் எடுத்துப் போடுகிறோம்.

பதில்: போகாது. வேகவைத்தாலும் வறுத்தாலும் பொடியாக்கினாலும் கந்தகச் சேர்மங்கள் அப்படியே இருக்கும், குழம்பிலும் இறங்கியிருக்கும். அவை சிவப்பணுக்களைச் சிதைக்கும். உடல் எடையில் 0.5 சதவீதம், அதாவது 10 கிலோ நாய்க்கு 50 கிராம், ஒரே வேளையில் போனாலே பாதிப்பு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்துகொள்ளும். பூண்டு இதைவிடக் கொடியது. அகிட்டா, ஷிபா போன்ற ஜப்பானிய இனங்களுக்கு இரண்டுமே கூடுதல் ஆபத்து.

ரத்தசோகை தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும், அதற்குள் வெங்காயம் தின்றதையே வீட்டில் மறந்திருப்பார்கள். மேல் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் இளஞ்சிவப்பாகணும். ஈறே வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தால், சிறுநீர் பழுப்புச் சிவப்பாகப் போனால், அன்றே ரத்தப் பரிசோதனை. கறி போடணும் என்றால் தாளிப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வெறும் தண்ணீரில் வேகவையுங்கள்.

கேள்வி: எலும்பு, பால், பாதாம்?

பதில்: வெந்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும், வேண்டாம். பால் விஷமில்லை, வளர்ந்த பல நாய்களுக்கு லாக்டோஸ் செரிக்காமல் வயிற்றுப்போக்காகும். பாதாம் நஞ்சல்ல, ஆனால் கொழுப்பு அதிகம். நிறையத் தின்றால் கணைய அழற்சி வரலாம். மக்கடேமியா என்ற கொட்டை மட்டும் நேரடி நஞ்சு, பின்னங்கால்கள் தள்ளாடும். பூஞ்சை பிடித்த ரொட்டியை "நாய்தானே" என்று போடாதீர்கள், அதனால் உடம்பே நடுநடுங்கும். ஈஸ்ட் கலந்த பச்சை மாவு வயிற்றுக்குள் பொங்கி, சாராயமாகவும் மாறும்.

கேள்வி: மருத்துவரிடம் என்ன சொல்லணும்? நாயின் எடையே எங்களுக்குத் தெரியாது.

பதில்: என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை. உறையைக் கையோடு கொண்டு போங்கள். மிச்சம் இருப்பதை எடைபோட்டால் தின்ற அளவு தெரிந்துவிடும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். இதை இன்றே செய்து மருத்துவரின் எண்ணோடு ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். குட்டியாக இருந்தால் வாரம் ஒருமுறை திருத்தி எழுதணும்.