அம்மா பத்து வருடம் ரான்டாக் சாப்பிட்டார், பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. நெஞ்செரிச்சலுக்காகப் பத்து வருடத்துக்கு மேல் தினமும் ரான்டாக் 150 போட்டு வந்தார். அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்ததும் நிறுத்திவிட்டோம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, இரண்டு வருடமாகத் தினம் காலையில் பான்-டி கொடுக்கிறோம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் உண்டு. பழைய மாத்திரையால் ஏதாவது வருமா? ஸ்கேன் எடுக்க வேண்டுமா? இப்போது போடுவதாவது பாதுகாப்பானதா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: ரான்டாக் சாப்பிட்டார் என்பதற்காக மட்டும் அம்மாவுக்கு ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ தேவையில்லை. அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள்.

நடந்தது இதுதான். ரான்டாக், ஜின்டாக், அசிலாக் எல்லாவற்றிலும் உள்ள மருந்து ரானிடிடின். சில ரானிடிடின் மாத்திரைகளில் என்.டி.எம்.ஏ. என்ற பொருள் சிறிதளவு இருப்பதாக 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அறிவித்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள் அது. அதற்கு முந்தைய வருடம் வால்சார்டன் என்ற பிரஷர் மாத்திரையிலும் இதே பொருள் சிக்கியது. அங்கே கோளாறு தயாரிப்பு முறையில் இருந்தது. ரானிடிடினிலோ, மருந்தின் மூலக்கூறே நாள்பட உடைந்து என்.டி.எம்.ஏ.வாக மாறுகிறது. சூட்டில் இருந்தால் அது இன்னும் கூடுகிறது. அதனால்தான் 2020 ஏப்ரல் 1 அன்று எல்லா ரானிடிடினையும் சந்தையிலிருந்து எடுக்கும்படி எஃப்.டி.ஏ. கேட்டது. ஐரோப்பாவும் அதே வருடம் நிறுத்தி வைத்தது.

சூடு என்றதும் நம் ஊர் நினைவுக்கு வருகிறது. மே மாத வெயிலில் வண்டியின் டிக்கியிலும், அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியிலும் மாத்திரை அட்டை கிடக்கும் வீடுகள் எத்தனையோ. மிச்சம் இருக்கும் பழைய ரான்டாக் அட்டைகளைத் தயவுசெய்து யாருக்கும் கொடுக்காமல் அகற்றிவிடுங்கள்.

சரி, ஆபத்து எவ்வளவு? என்.டி.எம்.ஏ.வுக்கு எஃப்.டி.ஏ. வைத்திருக்கும் வரம்பு ஒரு நாளைக்கு 96 நானோகிராம். அந்த அளவைத் தினமும் 70 வருடம் உட்கொண்டால் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்ற கணக்கில் வைத்த வரம்பு அது. பல மாத்திரைகள் அதைத் தாண்டின என்பது உண்மை. ஆனால் ரானிடிடின் சாப்பிட்டவர்களை அதே வகையைச் சேர்ந்த மற்ற மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில், புற்றுநோய் அதிகம் என்று தெளிவாகத் தெரியவரவில்லை. இந்தியாவில் ரானிடிடின் தடை செய்யப்படவில்லை. 2022இல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். நிறுத்தியது நல்ல முடிவு, திரும்ப ஆரம்பிக்க வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது இப்போது தினமும் போடும் பான்-டிதான். அதில் பான்டோபிரசோலோடு டோம்பெரிடோனும் 30 மில்லிகிராம் இருக்கிறது. அமிலத்தைக் குறைப்பது பான்டோபிரசோல். டோம்பெரிடோன் வாந்தி, குமட்டலுக்கானது. இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கும் ஆபத்து இருப்பதால் ஐரோப்பிய மருந்து அமைப்பு 2014இல் இதைக் கட்டுப்படுத்தியது: குமட்டல், வாந்திக்கு மட்டும், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 30 மில்லிகிராம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். நெஞ்செரிச்சலுக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல். உங்கள் அம்மாவோ இரண்டு வருடமாகத் தினமும் சாப்பிடுகிறார், வாந்தியே இல்லாமல்! இதற்கு நடுவில் சளி, இருமல் என்று அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும். சென்னையில் பாதி வீடுகளில் பான்-டி ஒரு காலை வழக்கமாகவே ஆகிவிட்டது. இதை நான் பார்க்கும் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பான்டோபிரசோல் தனியாகப் பயனுள்ள மருந்துதான், ஆனால் பெரும்பாலோருக்கு நான்கிலிருந்து எட்டு வாரம் போதும். வருடக்கணக்கில் போனால் பி12, மெக்னீசியம் குறையலாம், எலும்பு முறிவு வாய்ப்பு சற்றுக் கூடலாம், அரிதாகச் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். மெட்ஃபார்மினும் பி12ஐக் குறைக்கும் என்பதால் அம்மாவுக்கு இரண்டு பக்கமும் இழப்பு. பாதம் மரத்துப் போவதையும் எரிவதையும் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடுவோம், பல நேரம் பி12 குறைபாடும் அதில் இருக்கும். பணம் செலவழித்துப் பார்க்க வேண்டிய பரிசோதனை என்றால் பி12, மெக்னீசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின்.

நிறுத்துவதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். ஆஸ்பிரினோ மூட்டுவலி மாத்திரையோ சாப்பிடுபவராக இருந்தால், அல்லது முன்பு குடல்புண்ணில் ரத்தம் கசிந்திருந்தால், பான்டோபிரசோல் தொடர வேண்டியிருக்கும். அந்தக் காரணங்கள் இல்லையென்றால் மருத்துவர் டோம்பெரிடோனை எடுத்துவிட்டு, வெறும் பான்டோபிரசோலைப் படிப்படியாகக் குறைப்பார். நிறுத்தியதும் சில வாரம் எரிச்சல் முன்பைவிட அதிகமாக வரலாம். வயிறு பழகிய மருந்தைக் குறைக்கும்போது அமிலம் தற்காலிகமாகக் கூடுவதுதான் காரணம். பலர் அங்கேதான் பயந்து திரும்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த நாட்களை ரானிடிடின் வகையைச் சேர்ந்த ஃபாமோடிடினோ டைஜீன், ஜெலுசில் போன்றதோ வைத்துச் சமாளிக்கலாம், சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு. ஃபாமோடிடினை எஃப்.டி.ஏ. சோதித்தபோது என்.டி.எம்.ஏ. காணப்படவில்லை. அதுவரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும், டிபன் முடித்துப் போட்டால் பலன் குறையும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் இருக்கட்டும், கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள்.

அப்புறம், மிக முக்கியமான ஒன்று. சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு பல நேரம் வெறும் 'கேஸ்' மாதிரித்தான் தெரியும். எரிச்சலோடு வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மாடிப்படி ஏறும்போது வரும் அழுத்தம் இருந்தால் மாத்திரை தேடாமல் 108க்கு அழையுங்கள். விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுப்பாகப் போவது, ரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோபி தள்ளிப் போடக் கூடாதது.

இந்த வாரமே அம்மாவை அவருடைய சர்க்கரை மருத்துவரிடமோ குடல் மருத்துவரிடமோ கூட்டிப் போங்கள். எல்லா அட்டைகளையும் பையில் எடுத்துப் போங்கள். "இதில் எது இன்னும் தேவை, எதை எப்போது நிறுத்தலாம்?" என்று கேளுங்கள். அப்படியே ஒரு ஈசிஜியும் எடுத்துவிடுங்கள்.