இருமினால் குழந்தைக்கு அதிருமா?

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம். மூன்று வாரமாக வறட்டு இருமல், படுத்தால் அதிகமாகிறது. இருமும்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது, சிறுநீரும் கசிகிறது. குழந்தைக்கு அதிருமோ, வலி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மாத்திரை வேண்டாம் என்று மாமியார் ஆடாதோடைக் கஷாயம் தருகிறார். குடிக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.

பதில்: கஷாயத்தை முதலில் நிறுத்துங்கள்மா. மற்றவர்களுக்கு ஆடாதோடை நல்ல சளி மருந்துதான். ஆனால் அதிலுள்ள வாசிசின், கர்ப்பப்பையைச் சுருங்கத் தூண்டக்கூடியது. அதிமதுரத்தை அடிக்கடி வாயில் அடக்கிக்கொள்வதும் இப்போது வேண்டாம். மாமியார் அக்கறையில்தான் தருகிறார். இந்தப் பதிலை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

இருமலால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஸ்கேன் எடுக்கும்போதே சிலருக்கு இருமல் வந்துவிடும். திரையில் குழந்தை பனிக்குட நீருக்குள் ஒரு முறை மேலே எழும்பி இறங்கும். அப்புறம் பழையபடி விரல் சப்பிக்கொண்டிருக்கும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இழுத்துப் பிடிப்பது உங்கள் வயிற்றுத் தசைதான். இருமல் வரும்போது பக்கவாட்டில் சாய்ந்து, வயிற்றுக்குக் கீழே கையால் தாங்கிக்கொள்ளுங்கள். இருமும்போது மட்டும் சிறுநீர் கசிவது இந்த மாதங்களில் சகஜம். இருமாதபோதும் தண்ணீராகக் கசிந்தால் அது பனிக்குட நீராக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

எனக்குக் கவலை அந்த மூன்று வாரம்தான். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும், கர்ப்பிணியாக இருந்தாலும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பரிசோதனைக்குக் கொடுக்கச் சளி வராவிட்டால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லலாம். கர்ப்பிணி என்று சொல்லிவிட்டு எடுங்கள். அதில் குழந்தைக்குப் போகும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. காசநோய் என்றாலும் கர்ப்ப காலத்திலேயே மருந்து சாப்பிடலாம், சாப்பிடாமல் விடுவதுதான் ஆபத்து.

உங்களுக்கு அது இல்லாமலும் இருக்கலாம். படுத்தால் கூடும் இருமலுக்கு நெஞ்செரிச்சல் பெரிய காரணம். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்து, தலைமாட்டை உயர்த்திப் படுத்துப் பாருங்கள். வீசிங் இருந்தால் கர்ப்பத்துக்காக இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். பல பெண்கள் நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு மனசு பதறும். தாய்க்கு மூச்சு முட்டினால் பிள்ளைக்கும் ஆக்சிஜன் குறையும்.

தொண்டைக்கு உப்புநீர்க் கொப்பளிப்பு, வெந்நீர், சர்க்கரை இல்லாதவர் என்றால் ஒரு ஸ்பூன் தேன், இவை போதும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு இருமல் சிரப் வாங்காதீர்கள்.

மூச்சுத் திணறல், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சளியில் ரத்தம், குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.